‘நான்’ இல்லாத 33 வரிகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“சொந்த அனுபவத்தைக் கவிதையாக்குவதில் விஞ்சி நிற்பவர் வேர்ட்ஸ்வொர்த்தா, கீட்ஸா?” இதுதான் தலைப்பு. இருவரும் ஆங்கிலக் கவிஞர்கள். நான் கீட்ஸ் பக்கம். எதிரணித் தலைவர் அம்மையார் பேசி முடித்தபோது எழுந்த கைதட்டலைக் கேட்டால், தீர்ப்பு அப்போதே எழுதப்பட்டுவிட்டது போலத் தோன்றியது. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: வேர்ட்ஸ்வொர்த் கவிதை ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, ஊர் உண்டு, நடந்த பாதை உண்டு. கீட்ஸிடம் இருப்பதெல்லாம் கிரேக்கத் தாழியும் புராணப் பெயர்களும்தான். வாழ்ந்து எழுதியவர் ஒருவர், வாசித்து எழுதியவர் இன்னொருவர்.

அழகான வாசகம். அதற்கு மூன்று சாட்சிகளையும் நிறுத்தினார். ஏரிக்கரை டஃபோடில் பூக்கள், தனியாகக் கதிர் அறுக்கும் பெண், அட்டை பிடிக்கும் கிழவர். சாட்சி என்று வந்துவிட்டால் குறுக்கு விசாரணை இருக்கத்தானே வேண்டும்? முதலில் டஃபோடிலைக் கூண்டில் ஏற்றுகிறேன்.

“மேகம் போலத் தனியே அலைந்தேன்” என்று தொடங்குகிறது கவிதை. நடந்த நாள் 1802 ஏப்ரல் 15. இடம் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. இந்தத் தேதி நமக்கு எப்படித் தெரியும்? கவிஞர் குறித்து வைத்தாரா? இல்லை. கூடவே நடந்துவந்த தங்கை டோரத்தி டைரியில் எழுதிவைத்தார். ஆக, “தனியே” என்ற சொல்லே அன்றைக்குப் பொருந்தாது. இருவர் நடந்தார்கள், கவிதையில் ஒருவர்தான் வந்துசேர்ந்தார்.

அந்த டைரிப் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அன்று காற்று பேயாய் அடித்தது. நடக்க முடியாமல் ஒரு முட்புதர் மறைவில் ஒதுங்கி நின்றார்கள். பிறகுதான் பூக்கள். முதலில் சில, அப்புறம் கரை நெடுக ஒரு நீண்ட பட்டையாக. பாசி படிந்த கற்களின் மேல் சில பூக்கள், களைத்துப்போனவர் தலையணையில் சாய்வதைப் போலத் தலை சாய்த்துக் கிடந்தன. மற்றவை காற்றோடு சுழன்று, தள்ளாடி, ஆடி, சிரிப்பது போலவே இருந்தன. இவ்வளவும் டோரத்தி கண்டு எழுதியது. அந்த டைரியைத் தொடங்கும்போதே, அண்ணனுக்கு மகிழ்ச்சி தரும் என்றுதான் எழுதுகிறேன் என்று முதல் பதிவில் அவர் சொல்லிவிட்டார்.

ஏறத்தாழ 2 ஆண்டு கழித்து அண்ணன் கவிதை எழுதுகிறார். பூக்கள் ஆடுகின்றன, சிரிக்கின்றன. “தனிமையின் பேரின்பமான அகக்கண்ணில் அவை மின்னுகின்றன” என்று இரண்டு வரி வருகிறதல்லவா, கவிதையிலேயே மிகச் சிறந்த வரிகள் அவைதாம் என்று கவிஞரே ஒப்புக்கொண்டவை? அவற்றைக் கொடுத்தது மனைவி மேரி. 1807இல் அச்சாகும்போது 18 வரி. அதில் பூக்கள் “ஆடும்” டஃபோடில்கள். 1815இல் அவை “பொன்” டஃபோடில்களாகின்றன. பால்வீதி விண்மீன்கள் போல என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்து 24 வரி ஆகிறது. பார்த்து 13 ஆண்டு ஆன பிறகு சேர்ந்த விண்மீன்கள் அவை.

சேர்த்ததை விடுங்கள், விட்டதைப் பாருங்கள். கல்லில் தலை சாய்த்த பூ போய்விட்டது. அன்று அந்தக் கரையில் நின்றவர் மட்டுமே சொல்லக்கூடிய நுட்பம் அது ஒன்றுதான். பூ ஆடுகிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கரைக்குப் போகக்கூட வேண்டாம். பேய்க்காற்றும் போய்விட்டது, முட்புதரும் போய்விட்டது, டோரத்தியும் போய்விட்டார். மிஞ்சியது “நான்”. 24 வரியில் அந்தச் சொல் 5 முறை வருகிறது.

இரண்டாவது சாட்சி, ஸ்காட்லாந்து மலையில் தனியே கதிர் அறுத்தபடி பாடும் பெண். இந்தச் சாட்சியை அம்மையார் அழைக்காமலே இருந்திருக்கலாம். 1803இல் வேர்ட்ஸ்வொர்த் ஸ்காட்லாந்து போனது உண்மை. கவிதையோ 1805இல் எழுதப்பட்டது. அதன் விதை தாமஸ் வில்கின்சன் என்ற நண்பர் எழுதிய பயணக் குறிப்பின் கையெழுத்துப் படியில் இருந்த ஒரே ஒரு வாக்கியம். தனியே அறுவடை செய்த பெண்ணைக் கடந்து போனதாகவும், அரிவாளின் மேல் குனிந்து அவள் தன் மலைமொழியில் பாடியதாகவும், அந்தக் குரல் கேட்காமல் போன பிறகும் வெகுநேரம் இனித்ததாகவும் அதில் வில்கின்சன் எழுதியிருந்தார். வேர்ட்ஸ்வொர்த் கவிதையின் கடைசி வரி என்ன? “கேட்காமல் போன பிறகும் வெகுநேரம்.” சொல்லுக்குச் சொல். நான் துப்பறிந்து கண்டுபிடித்ததல்ல இது. 1807 பதிப்பில் கவிஞரே குறிப்புப் போட்டு நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் “இசையை நெஞ்சில் சுமந்துகொண்டு மலையேறினேன்” என்ற அந்த நெஞ்சு யாருடையது, நடுவர் அவர்களே?

மூன்றாவது, அட்டை பிடிக்கும் கிழவர். இதில் சந்திப்பு நடந்தது நிச்சயம். 1800 அக்டோபரில் டோரத்தியின் டைரியில் இருக்கிறது. இங்கே தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு அட்டை வேண்டும், கெட்ட ரத்தம் என்று சொல்லி உறிஞ்சி எடுப்பதற்கு. அட்டை பிடிப்பவர் குட்டையில் இறங்கி நிற்பார், வெறுங்காலில் அவை வந்து ஒட்டும், பிடுங்கிப் போட்டுக்கொள்வார். தேவை ஏறியது, குட்டைகள் வற்றின, அட்டை அருகிப்போனது. முன்பு 100 அட்டை 2 ஷில்லிங் 6 பென்ஸ், இப்போது 30 ஷில்லிங் என்று கிழவர் சொன்னதை டோரத்தி அப்படியே எழுதியிருக்கிறார். 12 மடங்கு விலை. விலை ஏறியும் அவருக்குப் பயனில்லை, ஏனென்றால் பிடிக்க அட்டை கிடைக்கவில்லை. ஆகவே அவர் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். கார்லைல் நகருக்குப் போய் நாலு பக்திப் புத்தகம் வாங்கி விற்கலாம் என்று யோசனை.

கவிதையில் என்ன நடக்கிறது? ஆளரவமற்ற மேட்டு நிலம், ஒரு குட்டை, கவிஞர் தனியாக. (டோரத்தி மறுபடியும் காணோம்.) கிழவர் கோலால் தண்ணீரைக் கலக்கி அட்டை தேடிக்கொண்டிருக்கிறார். அருகிப்போனாலும் விடாமல் தேடுகிறேன் என்கிறார். கவிதையின் தலைப்பு “மன உறுதியும் சுதந்திரமும்”. ஐயா, பிச்சை எடுத்துப் பிழைத்த மனிதர் சுதந்திரத்துக்கு எடுத்துக்காட்டாகிவிட்டார். கவிஞருக்கு அன்று தேவைப்பட்டது தன் மனச்சோர்வுக்கு ஒரு மருந்து. கிழவரின் பசி அந்த மருந்துக்குள் கலக்கவில்லை.

மாற்றி எழுதியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கவிஞன் மாற்றுவான், அது அவன் உரிமை. “அமைதியில் நினைவுகூரப்பட்ட உணர்ச்சி” என்று ‘லிரிக்கல் பாலட்ஸ்’ நூலுக்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய 1800 முன்னுரை வாசகத்தை அம்மையார் இரண்டு முறை சொன்னார். ஊறுகாய்க்குக் காத்திருப்பது போலக் காத்திருக்கும் முறை அது. நன்றாக ஊறினால் மணக்கும். படகைத் திருடி ஏரியில் துடுப்புப் போட்ட சிறுவனைத் துரத்திக்கொண்டு மலையே எழுந்து வருகிற பகுதியைப் படித்துவிட்டு யாரும் சும்மா இருக்க முடியாது. அதை நான் மறுத்தால் இந்த மேடையை விட்டு இறக்கிவிடுங்கள். டின்டர்ன் மடாலயக் கவிதையின் முடிவில் தங்கையைக் கைபிடித்து முன்னே நிறுத்துகிறார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழ்க்கையைத் திறந்து வைத்தவர் என்று அவரைச் சொல்வதானால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பிரான்ஸில் ஆனெட் வாலோனைக் காதலித்து, 1792இல் கரோலின் என்ற மகளும் பிறந்தாளே, அது எந்தக் கவிதையில் இருக்கிறது? 1802 ஆகஸ்டில் கலே கடற்கரையில் அந்த 9 வயது மகளோடு நடந்ததைப் பற்றி ஒரு பதினான்கு வரிக் கவிதை இருக்கிறது. “அன்புக் குழந்தையே” என்கிறார். யார் குழந்தை என்று சொல்லவில்லை. தன் வாழ்க்கையையே பாடிய ‘தி பிரிலூட்’ என்ற நெடுங்கவிதையில் அந்தக் காதல் வேறு யாரோ இருவரின் கதையாக மாறி நின்றது, பிறகு அதுவும் வெட்டப்பட்டது. உலகத்துக்கு உண்மை தெரிய 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

அம்மையார் சிரிக்கிறார். என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது: “உங்கள் கீட்ஸும் மறைத்தவர்தானே?” இல்லை அம்மா. மறைப்பது வேறு, கரைப்பது வேறு. உப்பை டப்பாவில் போட்டு மூடி பரண்மேல் வைப்பது மறைப்பது. சோற்றில் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு கவளத்திலும் இருக்கும். சுட்டி ஒருவர் பெயர் சொல்லக் கூடாது என்று அகப்பாட்டுக்குத் தொல்காப்பியம் விதித்த விதியைக் கேட்டு வளர்ந்த அவை இது. பெயர் இல்லாத காரணத்தால் குறுந்தொகைத் தலைவிக்கு வலி குறைந்தா போயிற்று?

இப்போது கீட்ஸுக்கு வருகிறேன். 1795இல் லண்டனில் பிறந்தவர். 8 வயதில் தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறக்கிறார். 14 வயதில் தாய் காசநோயில் போகிறார். மருந்து செய்து கொடுக்கும் ஒரு மருத்துவரிடம் தொழில் பழக விடுகிறார்கள். 1815 அக்டோபரில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவர். அடுத்த மார்ச்சில் “டிரெஸ்ஸர்” பொறுப்பு. அது என்ன வேலை? அறுவை மருத்துவருக்குப் பின்னால் வார்டு வார்டாகப் போக வேண்டும். கட்டுப் பெட்டி சுமக்க வேண்டும். பழுத்த புண்ணைத் துடைத்துக் கட்ட வேண்டும். அறுக்கும்போது நோயாளியை அழுத்திப் பிடிக்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது, ஈதர் வந்ததே 1846இல்தான். கீட்ஸுக்கு அமைந்த மருத்துவரோ கை நடுங்காமல் கத்தி பிடிப்பதற்குப் பேர்போனவர் அல்ல. அந்தக் காலத்தில் கீட்ஸ் எழுதிய உடற்கூற்றுக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது, ஓரங்களில் பூ வரைந்திருக்கிறார்.

1816 ஜூலையில் மருந்தாளர் உரிமத் தேர்வில் தேறிவிட்டு, தொழிலே வேண்டாம் என்று விட்டார். விட்டது தொழிலை மட்டும். 1819 வசந்தத்தில் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையைப் பற்றி எழுதிய கவிதையின் முதல் நான்கு வரியைக் கேளுங்கள். நெஞ்சு வலிக்கிறது, தூக்கம் கலந்த ஒரு மரமரப்பு புலனை வருத்துகிறது, ஹெம்லாக் நஞ்சைக் குடித்தாற்போல, அல்லது மந்தமான ஓர் அபின் மருந்தை அடிமண்டி வரை காலி செய்து ஒரு நிமிடம் ஆனாற்போல. கவனியுங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நேரத்துக்கு முன்னால். மருந்துச் சீட்டு எழுதத் தெரிந்த கை இது. வெறும் சோகத்தைப் பாடுகிறவர் “என் நெஞ்சு உடைந்தது” என்று போட்டுவிட்டுப் போயிருப்பார். மரத்துப்போனதே வலிக்கிறது என்று சொல்ல, மரத்துப்போனவர்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

மூன்றாவது பத்தியில் ஒரு வரி: மனிதர்கள் உட்கார்ந்து ஒருவர் முனகலை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் இது. எந்த இடம்? உலகம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். வார்டு என்று நான் சொல்கிறேன். அதற்கு இரண்டு வரி தள்ளி, இளமை வெளுத்து, பேய்போல மெலிந்து, சாகிறது. தம்பி டாம் 1818 டிசம்பர் 1இல், 19 வயதில், காசநோயில் இறந்தான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அண்ணன் கீட்ஸ். கவிதை எழுதும்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. “டாம்” என்ற பெயர் இல்லை, “தம்பி” என்ற சொல் இல்லை, தேதி இல்லை. “மெலிந்து” என்பதோடு நிறுத்தாமல் “பேய்போல” என்று ஓர் ஒட்டுச் சொல் போட்டிருக்கிறார் பாருங்கள், அங்கே இருக்கிறான் தம்பி.

அந்தக் கவிதை பிறந்த காலையைப் பற்றி நண்பர் பிரவுன் பின்னாளில் எழுதிவைத்தார். ஹாம்ப்ஸ்டெட் வீட்டருகே நைட்டிங்கேல் கூடு கட்டியிருந்தது, காலை உணவு மேசையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீட்ஸ் பிளம் மரத்தடியில் போய் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தார், திரும்பி வரும்போது கையில் சில துண்டுத் தாள்கள் என்கிறார். வேர்ட்ஸ்வொர்த்தாக இருந்தால் தலைப்பே “பிளம் மரத்தடியில் எழுதிய வரிகள், மே மாதம்” என்று வந்திருக்கும். கீட்ஸ் கவிதையில் நாற்காலியும் இல்லை, அந்தப் பிளம் மரமும் இல்லை, காலையே இல்லை. இருட்டு. காலடியில் என்ன பூ என்று தெரியவில்லை, மணத்தை வைத்து ஒவ்வொன்றாக ஊகிக்கிறார்: ஹாதார்ன், காட்டு ரோஜா, வாடிக்கொண்டிருக்கும் வயலட், இனிமேல் பூக்கப்போகும் கஸ்தூரி ரோஜா.

“அந்தக் கவிதையிலும் ‘நான்’ வருகிறதே” என்று எதிரணி நண்பர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வருகிறது, மறுக்கவில்லை. அதனால்தான் என் கடைசிச் சாட்சியை வைத்திருக்கிறேன். ‘இலையுதிர் காலத்துக்கு’.

1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. வின்செஸ்டர் நகரம். அந்த வாரம் அவர் மடியில் என்ன கனம் இருந்தது? அமெரிக்கா போன சகோதரர் ஜார்ஜ் பணத்தைத் தொலைத்துவிட்டதாக 10ஆம் தேதி கடிதம் வருகிறது. உடனே லண்டனுக்கு ஓடுகிறார், ஏதாவது பணம் புரட்ட முடியுமா என்று. 15ஆம் தேதி வெறுங்கையோடு திரும்புகிறார். ஃபேனி பிரான் மீது காதல், கல்யாணம் செய்ய வழியில்லை. தொண்டைப் புண் முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்து நடைப்பயணத்திலேயே தொடங்கிவிட்டது. இந்த மூட்டையோடு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் நடக்கப் போனால் என்ன எழுதுவார்? புலம்புவார்.

இரண்டு நாள் கழித்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. காற்றில் ஒரு மிதமான கூர்மை, அறுத்துவிட்ட தாள் நிலம் இதமாகத் தெரிகிறது, சில ஓவியங்கள் இதமாகத் தெரிவதைப் போல, வசந்தத்தின் சில்லிட்ட பச்சையைவிட இது மேல், ஞாயிறு நடையில் அது என்னை அவ்வளவு தாக்கியதால் எழுதினேன் என்கிறார். அனுபவத்துக்கும் கவிதைக்கும் இடையில் 2 ஆண்டு இல்லை. டைரி இல்லை. இன்னொருவர் கையெழுத்துப் படி இல்லை.

கவிதை 33 வரி. மூன்று பத்தி, பத்திக்கு 11. நைட்டிங்கேலுக்கும் கிரேக்கத் தாழிக்கும் பத்திக்கு 10 வரிதான். இங்கே ஒரு வரி கூடுதல். அதனால் 9ஆம் வரியும் 10ஆம் வரியும் எதுகைபோல முடிவில் இணைந்துகொள்ள, முடிய வேண்டிய பத்தி முடியாமல் இன்னொரு வரி இழுக்கிறது. முதல் பத்தியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? தேனீக்கள். வெயில் காலம் முடியவே முடியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் தேனீக்கள். 23 வயதில், நெஞ்சில் என்ன வளர்கிறது என்று மருத்துவம் படித்த ஒருவருக்கு ஐயம் இல்லாமலா இருந்திருக்கும்? ‘முடியாது என்று நம்புகிறார்கள்’ என்பதைத் தேனீ மேல் ஏற்றிவிட்டு, தான் ஒதுங்கி நிற்கிறார். இரண்டாம் பத்தியில் பாப்பிப் பூ வாசத்தில் கிறங்கி, பாதி அறுத்த சாலில் ஒருத்தி, இலையுதிர் காலமே உருவெடுத்தவள், தூங்குகிறாள், அரிவாள் அடுத்த கற்றையை வெட்டாமல் விட்டிருக்கிறது. பாப்பி, அபின் தரும் செடி! மருந்துக்கடை மறுபடியும் எட்டிப்பார்க்கிறது. ஆப்பிள் சாறு பிழியும் செக்கில் கடைசிச் சொட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கிறாள். மூன்றாம் பத்தியில் அந்தத் தாள் நிலம், மேலே சிவந்த மேகம், ஆற்றோர வில்லோச் செடிகளுக்கிடையே கொசுக் கூட்டத்தின் ஒப்பாரி, கடைசியில் புறப்பட ஒன்றுகூடும் தகைவிலான் குருவிகளின் கீச்சொலி.

33 வரியிலும் ‘நான்’ என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. ‘என்’ இல்லை. ‘எனக்கு’ இல்லை. பணம் தொலைந்தது இல்லை, ஃபேனி இல்லை. ஆனால் முடிவு நெருங்குவது தெரிந்த ஒருவர் கண்ணில் படாத ஒரு பொருள்கூட அதில் இல்லை.

இது தற்செயல் அல்ல, தெரிந்தே செய்தது. 1818 அக்டோபர் 27இல் உட்ஹவுஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கவிஞனுக்குத் தனி அடையாளமே கிடையாது என்கிறார் கீட்ஸ். வேர்ட்ஸ்வொர்த்தின் முறைக்கு அங்கேயே ஒரு பட்டம் கொடுக்கிறார், தமிழில் சொன்னால் “தன்முனைப்பின் பேருயர்வு”. பேருயர்வு என்று சொன்னதைக் கவனியுங்கள், கேலி மட்டும் அல்ல. அவர் மேல் மரியாதை இருந்ததால்தான் 1818 ஜூனில் ரைடல் மவுன்ட் வீடு வரைக்கும் தேடிப் போனார். வேர்ட்ஸ்வொர்த் தேர்தல் வேலையாக வெளியே போயிருந்தார். ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தார். தன் முறையைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு கடிதத்தில் சொல்லிவிட்டார்: சன்னலுக்கு முன் ஒரு சிட்டுக்குருவி வந்தால் நானும் அதன் வாழ்வில் சேர்ந்து சரளைக்கல்லைக் கொத்துகிறேன் என்று.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம்.

எதிரணி அடுத்துப் பேசுகிறவர் ஒரு கவிதையை மடியில் வைத்திருப்பார், அதை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். கீட்ஸ் 1819 கடைசியில் வேறொரு நீண்ட கவிதையின் தாளில் 8 வரி எழுதினார். யாருக்கு என்று தெரியாது. அவர் இருக்கும்வரை அச்சேறவில்லை. மூன்று மாதத்துக்குள், 1820 பிப்ரவரி 3 இரவு, இருமியபோது விழுந்த ரத்தத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்து, இது தமனி ரத்தம், நிறம் எனக்குத் தெரியும், இது என் சாவுச்சீட்டு என்று பிரவுனிடம் சொன்னார். அதற்கு முந்தைய வரிகள் இவை. இப்போது வெதுவெதுப்பாக, இறுகப் பற்றும் வலுவோடு இருக்கும் இந்தக் கை, கல்லறையின் பனிமௌனத்தில் சில்லிட்டுக் கிடந்தால், உன் பகலை விடாது தொடரும், உன் கனவு நிறைந்த இரவைக் குளிர வைக்கும் என்கிறார். கடைசி வரியில் மட்டும், ஆம், ‘நான்’ வருகிறது. “இதோ பார், உன்னை நோக்கி நீட்டுகிறேன்.”

அந்த ‘நான்’ எந்த வரலாற்றையும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. கையைத்தான் நீட்டுகிறது. அமர்கிறேன், வணக்கம்.